உச்சிப்பொழுது எத்தனை மணிக்கு?



இம்மாதப் பாடப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டுமென்று நமது காரியதரிசி அவர்கள் கடைக்கே வந்து கேட்டுக்கொண்டார்கள். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்புப் படித்ததும் தவிர நமக்கு வேறு படிப்பில்லை. மற்றதெல்லாம் மளிகைக் கடைத் தராசுக்குப் பின்னால் நின்று படித்ததே. ஆகையால் பெரிய விஷயங்களில் தலையிடாமல், பினாங்கில் நம் கடையில் நடந்த ஒரு சிறு சம்பவத்தையும், அதன் வாயிலாக நாம் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறோம். பிழையிருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்வார்களாக.

சென்ற பிப்ரவரி மாத நடுவில் ஒரு நாள். மதியம் ஒன்றரை மணி தாண்டி லுஹர் பாங்கு கேட்டதும், வழக்கம்போல் “தொழுகை நேரம், அரைமணியில் திறக்கப்படும்” என்ற பலகையை எடுத்தோம். கடையில் நாலைந்து வாடிக்கைக்காரர்கள் நின்றார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் நம் இளைய மகள், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்கிக் கேட்டாள்:

“அத்தா, சூரியன் உச்சிக்கு வருவது பகல் பன்னிரண்டு மணிக்குத்தானே? உச்சி சாய்ந்ததும் லுஹர் என்று மதரஸாவில் சொன்னார்களே. அப்படியானால் பாங்கு ஏன் ஒன்றரை மணிக்குமேல் சொல்லுகிறார்கள்? மோதினார் தூங்கிப் போய்விடுகிறாரா?”

கடையே சிரித்தது. நாமும் சிரித்தோம். “அசட்டுக் கேள்வி கேட்காதே, பாடத்தைப் படி” என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனோம். திரும்பி வந்தபோது பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மூட்டையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலைவரை அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

இரவு கடை கட்டும் நேரத்தில், தினமும் பாலும் ரொட்டியும் வாங்க வரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். மதியம் நடந்ததை வேடிக்கையாக அவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. “சரி பாய், விடை என்ன?” என்றார்.

விடை நமக்குத் தெரியவில்லை! நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தப் பாங்கைக் கேட்டு வருகிறோம். கால அட்டவணையைக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம். ஒரு நாளாவது ஏன் என்று கேட்டோமில்லை. கேட்ட பிள்ளையையும் அடக்கினோம். ஆசிரியர் பால் மாவு டின் ஒன்றைக் காட்டி, “நாளைக்கு இதில் மணலைப் போட்டு மூன்றடிக் குச்சி ஒன்றை நேராக நட்டு, பின்சந்தில் வெயிலில் வையுங்கள். பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்” என்று சொல்லிப் போனார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விளக்குமாற்றுக் கட்டையை டின்னில் நட்டு வைத்தோம். மகள் சாக்குக்கட்டியை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணியிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் கோடு போட்டாள். பன்னிரண்டு மணிக்கு நிழல் குச்சியின் மேற்கே நன்றாகச் சாய்ந்து கிடந்தது. அதாவது சூரியன் இன்னும் கிழக்கில்தான் இருந்தது. நிழல் குறுகிக்கொண்டே வந்தது. ஒன்றரை மணிக்குச் சுமார் ஓரடி நீளத்தில் நேர் வடக்கே நின்றது. ஒன்று நாற்பதுவரை அது நகர்ந்ததேயன்றிக் குறைந்ததாகவோ கூடியதாகவோ கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு கிழக்கே சாய்ந்து நீளத் தொடங்கியது. ஆக மோதினார் தூங்கவில்லை. சூரியனோடு சரியாகத்தான் நின்றார். தப்பு இருந்தால் அது நம் கடிகாரத்தில்தான் இருக்கவேண்டும்.

கடிகாரத்தில் எப்படித் தப்பு வரும்? இதை ஆசிரியர் வியாபாரிக் கணக்காகவே விளக்கினார். வாசகர்களும் காகிதம் பென்சில் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

பூமி 360 பாகையையும் 24 மணி நேரத்தில் சுற்றி முடிக்கிறது. ஆகவே ஒரு பாகைக்கு 4 நிமிஷம். மலேசியாவின் கடிகாரம் கிரீனிச் நேரத்துக்கு 8 மணி முந்தியது. அதாவது 120ஆவது பாகைத் தீர்க்கரேகையில் உச்சிப்பொழுது வரும்போது நமக்குப் பன்னிரண்டு அடிக்கிறது. அந்த ரேகை போர்னியோத் தீவுக்கும் கிழக்கே, சீனாவின் ஹாங்சோ நகரத்தை ஒட்டிப் போகிறது. பினாங்கோ 100.3 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 19.7 பாகை. நாலால் பெருக்கினால் ஏறக்குறைய 79 நிமிஷம். எனவே சராசரியாக நமக்கு உச்சிப்பொழுது 1 மணி 19 நிமிஷத்துக்கு. கோலாலம்பூருக்கு 1.13. சிங்கப்பூரும் இதே கடிகாரந்தான், அங்கே 1.05. கோத்தா கினபாலுவில் உள்ள நம் சகோதரர்களுக்கு 12.16 தான். நாகூரில் இந்தியக் கடிகாரப்படி 12.11. நம் எல்லைக்கு அப்பாலுள்ள ஹட்யாய் நமக்கு நேர் வடக்கே சற்றே ஒதுங்கி இருக்கும் ஊர். சூரியன் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் உச்சிக்கு வருகிறது. ஆனாலும் சரக்கெடுக்கப் போகிறவர்கள் எல்லையைத் தாண்டினதும் கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுகிறார்கள். எத்தனையோ தடவை நாமும் தள்ளியிருக்கிறோம். வாகனத்தில் ஐந்து நிமிஷம் போனால் ஒரு மணி நேரம் எப்படிக் காணாமற் போகும் என்று கேட்கத் தோன்றவில்லை.

சரி, அந்த 120ஆவது பாகை நமக்கு எப்படி வந்தது? இதுதான் நமக்கு மிகவும் ருசித்த பகுதி. 1905ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து மலாயாவில் கிரீனிச்சுக்கு 7 மணி முந்திய நேரம் நடந்தது. 1933இல் அதற்கு 20 நிமிஷம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிஷம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். ஜப்பான்காரன் வந்ததும் டோக்கியோ நேரமே இங்கும் நேரம் என்று 9 மணி ஆக்கினான். 1945 செப்டம்பரில் அவன் போனபின் மறுபடி ஏழரை. கடைசியாக, தீபகற்பத்துக்கும் சபா, சரவாக்குக்கும் ஒரே நேரம் வேண்டுமென்று, 1981ஆம் ஆண்டின் கடைசி இரவில் 11.30க்கு எல்லாரும் கடிகார முள்ளை 12க்குத் தள்ளினார்கள். 1982 பிறந்தது, 8 மணி நேரமும் பிறந்தது. சிங்கப்பூரும் அன்றே சேர்ந்து மாறிக்கொண்டது.

நம் பாட்டனார் 1938இல் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள், 1985இல் வபாத்தானார்கள். அவர்கள் கணக்கை ஆசிரியரோடு சேர்ந்து போட்டுப் பார்த்தோம். வந்து இறங்கியபோது அவர்களுக்கு உச்சிப்பொழுது சராசரி 12.39. பிறகு 12.49. ஜப்பான் காலத்தில் 2.19! பிறகு மறுபடி 12.49. கடைசி மூன்று வருஷம் 1.19. ஒரே மனிதர், ஒரே ஊர், ஒரே சூரியன். ஜப்பான் காலத்தில் லுஹருக்கும் அஸருக்கும் நேரம் கெட்டுப்போயிருந்தது என்று பாட்டனார் சொல்லிக்கொண்டிருந்ததாக நம் அத்தா சொல்வதுண்டு. பசிக் கிறக்கத்தில் அப்படித் தோன்றியிருக்குமென்றே இதுவரை நினைத்திருந்தோம். ஊருக்குப் பேசும்போது “இந்தியாவுக்கும் நமக்கும் இரண்டு மணி வித்தியாசம்” என்று நம் அத்தா சொல்ல, “இரண்டரை அத்தா” என்று நாம் திருத்துவோம். அவர்கள் இளமையில் அது இரண்டாகத்தான் இருந்திருக்கிறது. இதையெல்லாம் அவர்களிடமே கேட்டிருந்தால் இன்னும் எவ்வளவு தெரிந்திருக்கும்! இப்போது கேட்பதற்கு ஆளில்லை.

மகள் அதோடு விட்டாளில்லை. கால அட்டவணையைப் புரட்டி, “நவம்பர் ஆரம்பத்தில் லுஹர் ஒரு மணியை ஒட்டி வருகிறதே, பிப்ரவரியில் மட்டும் ஏன் ஒன்றரை தாண்டுகிறது? கடிகாரத்தைத் தினமும் யார் மாற்றுகிறார்கள்?” என்றாள். பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமில்லை. ஜனவரி ஆரம்பத்தில் சூரியனுக்கு அருகில் வந்து வேகமாக ஓடுகிறது, ஜூலையில் விலகி மெதுவாகப் போகிறது. அதோடு பூமியின் அச்சு இருபத்துமூன்றரைப் பாகை சாய்ந்திருக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, உண்மை உச்சியைச் சராசரி உச்சிக்குச் சில மாதம் முன்னும் சில மாதம் பின்னும் தள்ளுகின்றன என்றார் ஆசிரியர். நவம்பர் ஆரம்பத்தில் 16 நிமிஷம் முந்தும். பிப்ரவரி நடுவில் 14 நிமிஷம் பிந்தும். ஆகப் பினாங்கில் 1.02இலிருந்து 1.33 வரை ஆடும். இதில் நமக்குப் பாதிதான் விளங்கியது. மகளுக்கு முக்கால்வாசி விளங்கியதாகத் தெரிகிறது.

நிற்க. அசட்டுக் கேள்வி என்று சிரிக்கப்பட்ட இன்னொரு பிள்ளையின் கதையை ஆசிரியர் சொன்னார். அதையும் இங்கே எழுதவேண்டும்.

ஆப்பிரிக்காவில் தங்கனீக்கா என்ற நாடு, இன்றைய தான்சானியா. 1963இல் அங்கே மகம்பா என்ற ஊரின் இடைநிலைப் பள்ளியில் எராஸ்தோ முப்பெம்பா என்ற மாணவன் படித்தான். பிள்ளைகள் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டு, ஆறவைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து ஐஸ்கிரீம் செய்வார்கள். பெட்டியில் இடம் போதாது. ஒரு நாள் இடத்தைப் பிடிக்கும் அவசரத்தில் இவன் பாலைச் சூட்டோடே வைத்துவிட்டான். இன்னொருவன் காய்ச்சாத பாலை வைத்தான். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுடச்சுட வைத்தது கட்டியாகிவிட்டது. மற்றது இன்னும் கூழாகவே இருந்தது.

ஏன் என்று ஆசிரியரைக் கேட்டான். நீ குழம்பிப் போயிருக்கிறாய், அப்படி நடக்காது என்று பதில் வந்தது. பின்னர் இரிங்காவிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்து அங்கும் கேட்டான். அது உலகத்துப் பௌதிகமல்ல, முப்பெம்பாவின் பௌதிகம் என்று அங்கிருந்த ஆசிரியர் கேலி செய்தார். அதன்பின் அவன் கணக்கில் ஒரு பிழை விட்டாலும் வகுப்பே அவ்வாறு சொல்லிச் சிரிக்கும். ஆனாலும் அவன் விட்டானில்லை. தாருஸ்ஸலாம் பல்கலைக் கல்லூரியிலிருந்து டாக்டர் ஆஸ்போர்ன் என்ற பேராசிரியர் அப்பள்ளிக்குப் பேச வந்தபோது எழுந்து நின்று அதையே கேட்டான். கூட இருந்த மாணவர்கள் சிரித்தார்கள். பேராசிரியருக்கும் நம்பிக்கை வரவில்லை என்றாலும், சோதித்துப் பார்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். கல்லூரிக்குத் திரும்பித் தம் உதவியாளரைச் செய்து பார்க்கச் சொன்னார். சூடான தண்ணீர்தான் முதலில் உறைந்தது என்று வந்து சொன்ன உதவியாளர், சரியான விடை வரும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்றும் சொன்னாராம்! இதைக் கேட்டு நாம் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. நம் மகளின் கேள்விக்கு நாம் செய்ததும் அதேதான்.

1969இல் அந்த மாணவரும் பேராசிரியரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. அவர் பெயரே இன்று அதற்குப் பெயர். அரிஸ்டாட்டில் காலத்திலேயே இப்படி ஒரு பேச்சு இருந்திருக்கிறது என்பதும் பிறகு தெரிய வந்தது. கதை இதோடு முடியவுமில்லை. 2016இல் இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் மீண்டும் அளந்து, வெப்பமானியைச் சற்று மேலோ கீழோ வைத்தாலே இப்படித் தோன்றக்கூடும், இது உண்மைதானா என்று கேட்டார்கள். வாதம் இன்னும் நடக்கிறது. பையன் சொன்னது சரியா தப்பா என்பது இருக்கட்டும். கண்ணால் கண்டதை அவன் கேட்டான், காணாதவர்கள் சிரித்தார்கள்.

கடையிலும் இப்படி உண்டு. ஒரு வயதான பாட்டியம்மா, “தம்பி, பெரிய பொட்டலம் வாங்கினால் உண்மையிலேயே மலிவா?” என்று மிளகாய்த்தூளைக் காட்டிக் கேட்டார். இதுகூடத் தெரியாதா என்ற நினைப்போடு கணக்குப் போட்டோம். 250 கிராம் 5 வெள்ளி 20 காசு. 500 கிராம் 10 வெள்ளி 90 காசு. பெரியதில் 50 காசு கூடுதல்! மொத்த வியாபாரி விலையை ஏற்றியபோது நாம் ஒன்றை மாற்றி ஒன்றை மாற்றாமல் விட்டிருக்கிறோம். எத்தனை நாளாக எத்தனை பேர் கேட்காமல் வாங்கிப் போனார்களோ, நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

இனி, எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்த விஷயம். நம் வீட்டார்தான் எழுதச் சொன்னார்கள்.

2009ஆம் வருஷம் வியாபார நண்பர் ஒருவர், சரக்கு ஏற்றும் வேன் வாங்கக் கடனுக்கு விண்ணப்பித்து, நம்மைப் “பெஞ்சாமின்” ஆகக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார். போனோம். குளிரூட்டிய அறை. கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர் காகிதங்களை வரிசையாக வைத்து, இங்கே, இங்கே, இங்கே என்று விரலால் காட்டினார். “பெஞ்சாமின் என்றால் நான் என்ன கொடுக்க நேரிடும்?” என்ற கேள்வி நம் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததை விழுங்கினோம். இத்தனை வருஷம் கடை வைத்திருப்பவனுக்கு இது தெரியாதா என்று அந்தப் பிள்ளை நினைக்குமே, நண்பருக்கும் நம்மீது சந்தேகம் என்று தோன்றுமே என்ற வெட்கம். “நல்ல மனிதர், நமக்குத் தெரிந்தவர்” என்று சாட்சி சொல்வதுதான் ஜாமீன் என்று நாமே ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.

பதினான்கு மாதம் தவணை சரியாகப் போயிற்று. பிறகு நண்பர் ஊரில் இல்லை. கடிதம் நமக்கு வந்தது. “முதலில் அவரைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்” என்றோம். அப்படிச் சொல்ல இடமில்லையாம். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 81ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன்காரருக்கும் அவ்வளவு பொறுப்பு. வேனைப் பிடித்து விற்றதுபோக நாம் கட்டியது 23,000 வெள்ளி. வீட்டாரின் வளையல் நான்கும் அதில் போயின. மூத்த மகனை மேல்படிப்புக்கு அனுப்ப வைத்திருந்ததும் போயிற்று. அவன் இன்று நம்மோடு கடையில் நிற்கிறான். முகம் கோணாமல்தான் நிற்கிறான். அதுவே நமக்கு அதிகம் வலிக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. கேட்டிருந்தால் அந்த இளைஞர் அரை நிமிஷத்தில் விடை சொல்லியிருப்பார். கொஞ்சம் சிரித்தும் இருப்பார். அரை நிமிஷச் சிரிப்புக்குப் பயந்து நாம் கொடுத்த விலை இது.

இப்போது சட்டம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2017 அக்டோபரிலிருந்து, லாபம் கருதாமல் கல்விக் கடனுக்கோ, சொந்தக் குடியிருப்பு வீட்டுக் கடனுக்கோ, சொந்த உபயோக வாகனத்தின் தவணைக் கடனுக்கோ ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க முடியாது. ஆனால் கடன் பொறுப்பு அதனால் அழிந்துவிடாது. பணம் கேட்டு வழக்குப் போடலாம். வியாபாரக் கடனுக்கு ஜாமீன் நிற்பவருக்கு இந்தப் பாதுகாப்பும் இல்லை. உறவுக்காரர், ஊர்க்காரர் என்று நம்மவர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்க் கையெழுத்துப் போடுகிறார்கள். கூப்பிடுகிறவரிடம் மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை வருஷம், அவர் கட்டாவிட்டால் நான் எவ்வளவு கட்டவேண்டும், எப்போது விடுதலை என்று கேளுங்கள். மொழி புரியவில்லையென்றால் காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நம் கடைக்கு வந்தாலும் சரி. ஆசிரியர் மாலை ஆறு மணிக்கு மேல் அங்கேதான் இருப்பார்.

எல்லாக் கேள்வியும் ஒன்றா என்று ஒருவர் கேட்கலாம். மற்றவரை மடக்குவதற்காகவே கேட்கிறவர்களும் நம் கூட்டங்களில் உண்டு. விடை சொல்லும்போது அவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைப்பற்றி நாம் எழுதவில்லை.

நம் மகள் கதைக்கு வருவோம். குச்சி நட்ட டின் பின்சந்திலேயே இருக்கிறது. சனி ஞாயிறுகளில் அளக்கிறாள். பிப்ரவரியில் ஓரடியாக இருந்த உச்சி நிழல் இப்போது, மார்ச் மாதக் கடைசியில், இரண்டு அங்குலத்துக்கும் குறைந்துவிட்டது. சென்ற வாரம் தராசுக்கருகே வந்து நின்று, கொஞ்சம் தயங்கி, “அத்தா, ஒன்று கேட்டால் சிரிப்பீர்களா?” என்றாள். சிரிக்கமாட்டோம் என்றோம். “நிழலே இல்லாத நாள் உண்டா?”

ஆசிரியர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். பினாங்கில் ஏப்ரல் 3, 4 தேதிகளிலும், செப்டம்பர் 8, 9 தேதிகளிலும் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். ஈப்போவில் ஏப்ரல் முதல் தேதியை ஒட்டி. கோலாலம்பூரில் மார்ச் 28ஐ ஒட்டி. சிங்கப்பூரில் மார்ச் 24ஐயும் செப்டம்பர் 19ஐயும் ஒட்டி. பினாங்கில் ஏப்ரல் கணக்குப்படி அது மதியம் 1 மணி 22 நிமிஷத்துக்கு. அன்று கடைப் பலகையைக் கால்மணி முன்னதாகவே மாட்டுவதாக இருக்கிறோம். மழை வராமலிருக்க வேண்டும்.